ஏலகிரி படகு சவாரிக்குச் சொந்தமாக லைஃப் ஜாக்கெட் வாங்கலாமா? 50 நியூட்டனா, 100 நியூட்டனா?

குடியாத்தம்வாசி:
வணக்கம். லீவுக்குக் குடும்பத்தோடு ஏலகிரி, அப்புறம் ஜமுனாமரத்தூர் பக்கம் கோமுட்டேரி, முடிந்தால் ஒகேனக்கல் பரிசலும் போகலாம் என்று இருக்கிறோம். போன முறை ஒரு இடத்தில் கொடுத்த ஜாக்கெட்டில் பாதி பக்கிள் உடைந்திருந்தது, பையனுக்கும் பெரியவர்கள் ஜாக்கெட்டையே மாட்டிவிட்டு "கெட்டியா பிடிச்சிக்கோ தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள். அதனால் சொந்தமாக வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தாச்சு. ஆன்லைனில் 50, 100, 150 நியூட்டன் (மிதக்க வைக்கும் சக்தியின் அளவாம்) என்று போட்டிருக்கிறான், தண்ணீர் பட்டால் தானே காற்று நிரம்பும் வகையும் இருக்கிறது. பையனுக்கு 5 வயது, 17 கிலோ. எனக்கும் மனைவிக்கும் நீச்சல் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், ஆனால் 95 கிலோ இருக்கிறார், அவருக்கு 150 தான் தாங்குமா? பையனுக்கு ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் இரண்டு மூன்று வருஷம் வருமில்லையா?

ஆற்காடு_பாலாறு:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன் ப்ரோ, பெரிதாக மட்டும் வாங்காதீர்கள். ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி வளர்ந்தால் சரியாகும் என்று எடுக்கிற பொருள் இல்லை இது. தொளதொள ஜாக்கெட் தண்ணீரில் மேலே மிதக்கும், குழந்தை அதிலிருந்து கீழே நழுவிவிடும். போட்டு எல்லா பெல்ட்டையும் இறுக்கிவிட்டு, இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறி வந்தால் அது அவன் சைஸ் இல்லை. குழந்தைக்கு இன்னும் மூன்று விஷயம் கட்டாயம் வேண்டும்: தலையைத் தாங்க கழுத்துக்குப் பின்னால் காலர், தொடைகளுக்கு நடுவே வரும் பெல்ட், பிடித்துத் தூக்க மேலே ஒரு கைப்பிடி. லேபிளில் எத்தனை கிலோ முதல் எத்தனை கிலோ வரை என்று இருக்கும், 17 கிலோ அதற்குள் வர வேண்டும். குழந்தைகள் ஜாக்கெட்டில் 100 என்பது தரப் பிரிவுதான், உண்மையான தூக்கும் சக்தியை எடைக்குத் தகுந்தாற்போல் குறைத்துத்தான் வைப்பார்கள், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அப்பா விஷயம். 10 நியூட்டன் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். 95 கிலோ ஆளுக்கு 950 நியூட்டன் வேண்டாமா என்று தோன்றும், ஆனால் உடம்பை முக்கால்வாசிக்கு மேல் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது, பெரும்பாலானவர்களுக்கு மிச்சம் தேவைப்படுவது நாலைந்து கிலோ தூக்குதல்தான். கொழுப்பு மிதக்கும் என்பதால் பருமனானவர்களுக்கு அதைவிடவும் குறைவாகவே தேவைப்படலாம். அவருக்கு நியூட்டனைவிட மார்புச் சுற்றளவுதான் முக்கியம், டேப் வைத்து அளந்து வாங்குங்கள்.

50 நியூட்டன் கயாக் (துடுப்புப் போடும் சிறு படகு) ஓட்டுகிறவர்களுக்கு, நன்றாக நீந்தத் தெரிந்து, பக்கத்திலேயே உதவியும் இருக்கிறவர்களுக்கு. மயங்கிவிட்டால் அது முகத்தை மேலே திருப்பாது. உங்களுக்கும் மனைவிக்கும் 100 வாங்குங்கள், அமைதியான ஏரித் தண்ணீரில் மல்லாக்கத் திருப்பிப் போடும்படிதான் அதைச் செய்கிறார்கள். 150 கடலுக்கு. காற்று நிரம்பும் வகையில் கேஸ் சிலிண்டரைச் சோதிக்க வேண்டும், ஒருமுறை காற்று நிரம்பிவிட்டால் அந்தச் சிலிண்டரை மாற்ற வேண்டும், குழந்தைக்கும் நீச்சல் தெரியாதவர்களுக்கும் அது ஒத்துவராது. ஃபோம் வைத்ததே போதும்.

காட்பாடி_அக்கா:
பெண்கள் விஷயத்தை யாரும் சொல்லமாட்டார்கள், நானே சொல்லிவிடுகிறேன். புடவையோடு போனால் முந்தானையை இடுப்பில் நன்றாகச் செருகிவிட்டு அதற்கு மேல் ஜாக்கெட் போட வேண்டும். போட்டோவுக்கு அழகாக இருக்கட்டும் என்று முந்தானையை ஜாக்கெட்டுக்கு வெளியே விடுகிறார்கள், அது பெடலில் சிக்கினாலும் ஆபத்து, தண்ணீரில் கை காலைச் சுற்றினாலும் ஆபத்து. சுடிதார் என்றால் துப்பட்டாவைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடச் சொல்லுங்கள் தம்பி. நிறம் ஆரஞ்சு, மஞ்சள் இரண்டில் ஒன்று. கருநீலமும் பச்சையும் ஏரித் தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது.

அணைக்கட்டு_கிணறு:
எங்கள் ஊரில் சுரைக்குடுக்கையையும் பிளாஸ்டிக் கேனையும் முதுகில் கட்டித்தான் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவோம். அந்த நம்பிக்கையில் சிலர் படகிலும் அப்படியே கேனைக் கட்டி ஏற்றுகிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். முதுகில் இருக்கிற மிதவை ஆளைக் குப்புறத்தான் போடும். நீந்தப் பழகுகிறவனுக்கு அது சரி, பெரியவர் ஒருவரும் கூடவே கிணற்றில் இருப்பார். படகு கவிழ்ந்து மூச்சுத் திணறுகிறவனுக்கு முகம் தண்ணீருக்குள் போய்விடும். லைஃப் ஜாக்கெட்டில் ஃபோம் ஏன் மார்புப் பக்கம் தடிமனாக இருக்கிறது என்று பார்த்தாலே புரியும். கையில் மாட்டும் காற்றுப் பையும் இடுப்பு டியூபும் கூட வேண்டாம்.

குடியாத்தம்வாசி:
ரொம்ப நன்றி எல்லோருக்கும். மூன்று 100, பையனுக்கு 15 முதல் 30 கிலோ என்று போட்ட காலர் வைத்தது ஒன்று, இப்படித்தான் ஆர்டர் போடப் போகிறேன். இப்போது பிரச்சினை அப்பாதான். "கிணத்துல குதிச்சு வளர்ந்தவன்டா நான்" என்று போடவே மாட்டேன் என்கிறார்.

ஆற்காடு_பாலாறு:
அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். படகு கவிழ்ந்தால் நீச்சல் தெரியாதவர்கள் முதலில் யாரைப் பிடிப்பார்கள்? அவரைத்தான். பேரன் கழுத்தைக் கட்டிக்கொண்டால் எவ்வளவு நீச்சல் தெரிந்தும் கை காலை அசைக்க முடியாது. அவரும் ஜாக்கெட் போட்டிருந்தால்தான் பேரனைப் பிடித்துக்கொண்டு மிதக்க முடியும். 2024 ஜனவரியில் வதோதரா ஹர்ணி ஏரியில் பிக்னிக் போன பள்ளிப் பிள்ளைகள் 12 பேரும் ஆசிரியர்கள் 2 பேரும் இறந்தார்கள். அது கடல் இல்லை, ஊருக்குள் இருக்கிற ஏரி. படகில் பெரும்பாலானவர்கள் ஜாக்கெட் போடவில்லை. அவருக்கு இறுக்கமாக இருந்து மூச்சு முட்டினால் பக்கவாட்டில் பெல்ட் வைத்த மாடல் எடுங்கள், வயிறு இருக்கிறவர்களுக்கு அது வசதி.

வந்ததும் நீச்சல் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நாலு பேரும் போட்டுப் பாருங்கள். காலைத் தூக்கிச் சாய்ந்தால் வாய் தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும், பையனை நீங்கள் பிடித்துக்கொண்டே பாருங்கள். அப்புறம் படகில் அதன் மேல் உட்கார வேண்டாம், ஃபோம் அமுங்கிவிடும். நம்ம ஊர் வெயிலில் கார் டிக்கியிலும் போட்டு வைக்காதீர்கள், கழுவி நிழலில் காய வைத்து வீட்டுக்குள் தொங்க விடுங்கள். துணி வெளுத்து, தையல் விட்டு, ஃபோமை அமுக்கினால் திரும்ப எழும்பாமல் இருந்தால் அன்றே தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.