புதுப்பிப்பு: இரவுக் கொப்பியில் மூன்று நல்லது

போன பதிவில், படுக்கமுன் அன்று நடந்த மூன்று நல்ல விசயங்களை எழுதச் சொல்லியிருந்தோம். முக்கியமான ஒன்று விடுபட்டுப்போச்சு: ஒவ்வொன்றுக்கும் கீழே 'ஏன் நடந்தது' என்றும் ஒரு வரி வேணும். அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனின் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கிழமை செய்வித்ததும் அப்படித்தான்.

'எல்லாம் நல்லம்' என்று பொதுவாக எழுதினால் நாலாம் நாளே சலிக்கும். 'இரணைமடு வாய்க்கால் தண்ணி வயலுக்கு ஏறினது. விடுற நாளை முதலே கேட்டு வரம்பு கட்டினபடியால்' என்று துல்லியமாக எழுதுங்கோ. காரணத்தில் உங்கட கையும் தெரியவேணும், விரக்தி இளகிறது அங்கேதான்.

காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடுகிற வீட்டில் இதைத் தயவுசெய்து திணிக்காதேங்கோ. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் குழம்பினால் இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கோ.