வவுனியாவில் வாடகை வீடு: தாண்டிக்குளமா, நெளுக்குளமா?

வணக்கம் உறவுகளே. கணவருக்குக் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு இடமாற்றம். நகர இரைச்சல் வேண்டாம். குடும்பங்கள் இருக்கிற, பிள்ளைகள் சைக்கிளில் ரியூசனுக்குப் போய்வரக்கூடிய அமைதியான ஒழுங்கையாகத் தேடுகிறோம்.

தாண்டிக்குளத்தில் ரயில் நிலையம் உண்டு, ஆனால் ஏ9 வீதி வாகனங்களை நினைத்தால் பயம். நெளுக்குளம் மன்னார் வீதிப் பக்கம். அதே வீதியில் இருக்கிற பம்பைமடு வளாகம் (முன்பு யாழ். பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம்) 2021இல் தனிப் பல்கலைக்கழகமான பிறகு நெளுக்குளத்தில் வாடகை ஏறிவிட்டதா?

முக்கியமாகக் கிணற்றுத் தண்ணீர். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர் என்றால் அம்மா குடிக்கவே மாட்டா (தேத்தண்ணி ருசிக்காதாம்!). குழாய்த் தண்ணீர் வருகிற ஒழுங்கைகள் எவை? மழைக்கு வெள்ளம் நிற்கிற இடங்களையும் சொல்லுங்கள். புரோக்கர்மார் வேண்டாம், வீட்டுக்காரரோடு நேரே கதைக்கத்தான் விருப்பம்.