மருந்தளவுக் கணக்கில் இரண்டு முறை தவறிவிட்டேன், வழி சொல்லுங்கள்

வணக்கம். கொழும்பில் தனியார் கல்லூரியொன்றில் தாதியர் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் படிக்கிறேன். ஊர் வவுனியா, தங்கியிருப்பது வெள்ளவத்தையில். மருந்தளவுக் கணக்குப் பரீட்சையில் இரண்டு முறை சித்தியடையவில்லை. கடைசி வாய்ப்புக்கு இன்னும் ஐந்து வாரங்களே உள்ளன.

சேலைன் துளிக் கணக்கில் தடுமாற்றமில்லை. 1000 மில்லிலீற்றரை 8 மணித்தியாலத்தில் ஏற்றுவதற்கு, மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் குழாயில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளி என்று உடனே சொல்லிவிடுவேன். உடல் நிறையும் நேரமும் சேர்ந்து வரும்போதுதான் அலகுகள் குழம்புகின்றன. சென்ற முறை, 60 கிலோ நிறையுள்ள நோயாளிக்கு, இரத்த அழுத்தத்தை உயர்த்தும் டோபமின் மருந்து கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் வீதம் செல்ல, 50 மில்லிலீற்றரில் 200 மில்லிகிராம் கலந்த கரைசலைச் செலுத்தும் பம்பின் வேகம் என்ன என்று கேட்டிருந்தார்கள். விடை மணிக்கு 4.5 மில்லிலீற்றர். நிமிடத்தை மணியாக்க மறந்து 0.075 என்று எழுதினேன். சிவப்பு மையால் சுழித்த அந்தத் தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது. உண்மையான நோயாளியாக இருந்திருந்தால் அவருக்குத் தேவையான மருந்தில் அறுபதில் ஒரு பங்குதான் போயிருக்கும் என்பதே என்னை உறுத்துகிறது.

சூத்திரங்களை மனப்பாடம் செய்தேன், பழைய வினாத்தாள்களைச் செய்தேன், அறைத்தோழியைக் கேள்வி கேட்கச் சொல்லியும் பழகினேன். ஆறுதலாகச் செய்தால் சரியாக வருகிறது. கடிகாரத்தை வைத்துச் செய்தால் ஏதோவொரு அலகு விடுபடுகிறது. விரிவுரையாளரிடம் கேட்டபோது அதே சூத்திரத்தையே மீண்டும் எழுதிக் காட்டினார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் தாதியர்களே, அலகு விடுபடாமல் இருக்க இத்தகைய கணக்கை எந்த ஒழுங்கில் எழுதுகிறீர்கள்?