கல்லட்டி இறக்கத்துக்கு ஹிப்னோதெரபி ஆடியோவா?

கோத்தகிரிக்காரன்:
ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போற கல்லட்டி மலைப்பாதையில இறங்கப் பயமா, ஹிப்னோதெரபி (மனசை ஆழமா தளர்த்தி யோசனை சொல்ற சிகிச்சை) ஆடியோவைக் கார்லயே ஓடவிடுங்கன்னு குன்னூர்மூடுபனி எழுதியிருக்கார். 36 கொண்டை ஊசி வளைவு சார் அது! கண்ணை மூடச் சொல்ற குரலைக் கேட்டுக்கிட்டே ஸ்டீயரிங் பிடிக்கணுமா? வீட்ல உட்கார்ந்து செய்யற வேலை இது. கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேல ஒரு புள்ளியைப் பாருங்க. இமை கனத்ததும் மூடி, பாதத்துல தொடங்கித் தாடை வரைக்கும் தளர்த்துங்க. 10-லிருந்து 1 வரை எண்ணுங்க. அப்புறம் மனசுல முதல் வளைவு மட்டும். படபடப்பு ஏறினா அங்கேயே நிறுத்தி மூச்சுக்குத் திரும்பணும். முடிக்கும்போது 1-லிருந்து 5 வரை எண்ணி, கைகாலை உதறி எழுந்திரிக்கணும். அதை விட்டா கொஞ்ச நேரம் மந்தமா இருக்கலாம்.

குன்னூர்மூடுபனி:
கடைசியில அந்த 1-லிருந்து 5 எண்ணிக்கை கட்டாயமே இல்ல. ராத்திரி படுக்கையில செஞ்சா அப்படியே தூங்கிடலாம். நீங்கதான் எல்லாத்தையும் சடங்காக்கறீங்க.

கோத்தகிரிக்காரன்:
படுக்கையும் கல்லட்டியும் ஒண்ணா? எண்ணணும்.

லவ்டேல்வாசி:
எண்ணிக்கையை விடுங்க அண்ணே, சஜஷனைப் பத்தி, அதாவது தளர்ந்த மனசுக்குச் சொல்ற வாக்கியத்தைப் பத்தி யாருமே பேசல. 'பயப்பட மாட்டேன்'னு சொன்னா மனசு பயத்தையே பிடிச்சுக்கும். 'ரெண்டாவது கியர்ல நிதானமா இறங்கறேன், தோள் தளர்வா இருக்கு'ன்னு நடக்க வேண்டியதைச் சொல்லணும். சைக்கோசிஸ் (நிஜத்தையும் பிரமையையும் பிரிச்சறிய முடியாத மனநோய்) உள்ளவங்க மனநல மருத்துவரைக் கேட்காம இதைத் தொடவே கூடாது.

குன்னூர்மூடுபனி:
கியர் பாடம் எடுக்க ஒருத்தர் வந்துட்டார்! பிரேக்கை மிதிச்சே இறங்கிச் சூடாக்கறவருக்கு எந்த சஜஷனும் உதவாது. அந்தப் பயம் நியாயமான பயம்.

கோத்தகிரிக்காரன்:
பேச்சை மாத்தாதீங்க. ஹிப்னாடிசத்துல முற்பிறவி ஞாபகம் வரும்னு போன மாசம் இங்கே அளந்தவர்தானே நீங்க? ஹிப்னாடிசத்துல வர்ற ஞாபகத்தையே நம்ப முடியாதுன்னு அமெரிக்க மருத்துவச் சங்கம் 1985-லயே சொல்லியாச்சு. ஹிப்னோதெரபியில உருப்படியான வேலை வேற இருக்கு. 1984-ல இங்கிலாந்தோட மான்செஸ்டர்ல வோர்வெல்ங்கற மருத்துவரோட குழு, குடல் எரிச்சல் நோய் கடுமையா இருந்த 30 பேரை வச்சு ஆராய்ஞ்சது. ஹிப்னோதெரபி எடுத்தவங்களுக்கு வலியும் வயிற்று உப்புசமும் நல்லாவே குறைஞ்சது. முறையா செஞ்சாங்க, பலன் வந்துச்சு. முறைன்னா எண்ணிக்கையும் சேர்த்துதான்.

குன்னூர்மூடுபனி:
முற்பிறவி இழையில பதில் சொல்ல முடியாம ஓடினது யாரு? பெரிய பேராசிரியர்!

லவ்டேல்வாசி:
கார்ல ஆடியோ போடலாமா கூடாதா? அதையாவது சொல்லுங்க குன்னூர்க்காரரே.

குன்னூர்மூடுபனி:
பக்கத்து சீட்ல இருக்கறவரு கேட்கலாமே.

கோத்தகிரிக்காரன்:
நேத்து 'ஓட்டறவங்க'ன்னுதான் எழுதினீங்க. பக்கத்து சீட்டா இருந்தாலும் கார்லேருந்து இறங்கறதுக்கு முன்னாடி 1-லிருந்து 5 எண்ணணும்.

குன்னூர்மூடுபனி:
வேண்டாம்.