ஷார்ஜாவுல வீடு, துபாய்ல வேலை: செக் எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பாருங்க

துபாய்ல வேலை கெடச்சிருக்கு, வாடகை கம்மின்னு ஷார்ஜாவுல வீடு பாக்குறேன், தினமும் கார்ல போய்ட்டு வந்துரலாமான்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு. வரலாம் தம்பி, நம்மாளுங்க எக்கச்சக்கமான பேரு அப்படித்தான் போய்ட்டு வராங்க, நானும் 6 வருஷம் போனேன். ஆனா வீட்டுக்காரருக்கு வாடகை செக் எழுதுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை செஞ்சிருங்க. ஒரு செவ்வாயோ புதனோ காலைல 6:45க்கு அந்த பில்டிங் வாசல்ல கெளம்பி ஆபீஸ் பார்க்கிங் வரைக்கும் போங்க, சாயங்காலம் 6 மணிக்கு அதே வழியில திரும்பி வாங்க. கார் இல்லன்னா டாக்சி புடிச்சாவது போங்க, அந்த காசு வேஸ்ட் இல்ல.

நான் வீடு பாக்கப் போனது ஒரு வெள்ளிக்கெழமை மத்தியானம். ஷார்ஜாவுல வெள்ளிக்கெழமை லீவு, அன்னைக்கு ரோடு காலியா கெடந்துச்சு, அரை மணி நேரத்துல வந்துட்டேன், அடடா பக்கந்தானேன்னு அட்வான்ஸ் குடுத்துட்டேன். திங்கக்கெழமை காலைல அதே ரோட்டுல 1 மணி 40 நிமிஷம். கான்ட்ராக்ட் ஒரு வருஷத்துக்கு, நடுவுல விட்டா பெனால்ட்டி, ஒண்ணும் பண்ண முடியல. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேரும்போது பொண்ணு தூங்கிருப்பா. அந்த ஒரு வருஷம் எனக்கு இன்னமும் மனசுல உறுத்துது, அதனாலதான் இவ்ளோ சொல்றேன்.

ரோடு மொத்தம் மூணுன்னு வச்சுக்கோங்க. அல் இத்திஹாத் ரோடு, அதாவது இ11, இதுதான் கரையோரமா வந்து அப்புறம் ஷேக் சாயித் ரோடா மாறுது, அல் கான், தாவூன், மஜாஸ் பக்கம் இருக்கிறவங்களுக்கு இதுதான் கிட்ட. அடுத்தது 311, ஷேக் முகமது பின் சாயித் ரோடு, முவைலா, இன்டஸ்ட்ரியல் ஏரியா ஆளுங்க இதைத்தான் புடிப்பாங்க, நேஷனல் பெயிண்ட்ஸ்னு எல்லாரும் சொல்ற ஜங்ஷன் கிட்ட ரெண்டு வேளையும் வண்டிங்க நிக்கும். மூணாவது 611, எமிரேட்ஸ் ரோடு, ரொம்ப வெளிய சுத்தி போகும், லாரி அதிகம், ஷார்ஜா நடுவுல ரோலாவுல இருந்துக்கிட்டு இதைப் புடிக்கப் போனா தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற கதைதான். ஜெபல் அலி பக்கம் வேலைன்னா மட்டும் யோசிக்கலாம், அதுவும் வீடு ஷார்ஜாவோட வெளிப்பக்கம் இருந்தா.

இப்ப சாலிக் கணக்கு, அதாவது துபாய் ரோட்டு டோல், இதை வாடகையோட சேத்து பாக்காம யாரும் முடிவு பண்ணாதீங்க. 2007ல ஆரம்பிச்சப்ப இருந்து ஒரு கேட்டுக்கு 4 திர்ஹாம்தான், 2025 ஜனவரி 31ல இருந்து வேலை நாள்ல காலைல 6 டு 10, சாயங்காலம் 4 டு 8 வரைக்கும் 6 திர்ஹாம், மத்த நேரம் 4, ராத்திரி 1 மணில இருந்து காலைல 6 வரைக்கும் ஃப்ரீ. ரமலான் மாசத்துல டைமிங் மாறும். இத்திஹாத் ரோட்டுல வந்தா மம்சார் கேட், அப்புறம் கர்ஹூத் பிரிட்ஜ், அப்புறம் சஃபா, ஆபீஸ் மீடியா சிட்டி பக்கம்னா பர்ஷாவும் சேந்துக்கும். மம்சார்ல வடக்கு தெற்குன்னு ரெண்டு கேட், சஃபாவுலயும் அப்படித்தான், ஒரே திசையில ஒரு மணி நேரத்துக்குள்ள ரெண்டையும் தாண்டினா ஒரு தடவைதான் எடுப்பாங்க, பயப்படாதீங்க. அப்ப போக 24, வர 24, மாசம் 22 நாள்னா 1056 திர்ஹாம். வருஷத்துக்கு 12,000 தாண்டிடுது. துபாய்ல வீடு எடுத்தா எவ்ளோ கூடன்னு கணக்கு போடுறப்ப இதையும், பெட்ரோலையும், தினமும் ரோட்டுல போற அந்த 3 மணி நேரத்தையும் பக்கத்துல எழுதிப் பாருங்க. 311ல போனா சாலிக் கேட் கெடையாது, ஆனா எல்லாருக்கும் இது தெரியுங்கிறதால காசுக்கு பதிலா நேரம் போகும்.

காலைல 6க்கு முன்னாடி மம்சாரைத் தாண்டிட்டா காசும் மிச்சம், ட்ராஃபிக்கும் மிச்சம். நான் கடைசி 2 வருஷம் 5:30க்கு கெளம்பி, ஆபீஸ் பக்கத்துல கார நிறுத்திட்டு ஒரு மணி நேரம் நடந்துட்டு உள்ள போவேன். ஆபீஸ்ல 7 டு 4 ஷிஃப்ட் தருவாங்களான்னு வேலைல சேரும்போதே கேட்டுருங்க, அப்புறமா கேட்டா கஷ்டம்.

இன்னொரு வழி இருக்கு, இது நெறைய பேரு யோசிக்கிறதில்ல. துபாய் குசைஸ் பக்கத்துல இருக்குற எதிசலாத் மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் கார்ல வந்து, அங்க இருக்குற பார்க்கிங்ல விட்டுட்டு கிரீன் லைன் புடிச்சிரலாம், ரெட் லைன் வேணும்னா ரஷிதியால சென்டர்பாயின்ட் ஸ்டேஷன். மெட்ரோல போறவங்களுக்கு அந்த பார்க்கிங் ஃப்ரீ. ஆபீஸ் மெட்ரோவுக்கு நடக்குற தூரம்னா எனக்குத் தெரிஞ்சு இதுதான் பெஸ்ட்.

லைசென்ஸ் விஷயம், ரெசிடென்ஸ் விசா அடிச்சதுக்கு அப்புறம் நம்ம ஊரு லைசென்ஸ வச்சு ஓட்டக்கூடாது, இந்திய லைசென்ஸ நேரா மாத்தியும் தரமாட்டாங்க, இங்க டெஸ்ட் பாஸ் பண்ணணும். அதுவரைக்கும் கார்லிஃப்ட்ல, அதாவது காசு குடுத்து இன்னொருத்தர் கார்ல போலாம்னு பாத்தா, பெர்மிட் இல்லாத பிரைவேட் கார்ல காசு வாங்கிட்டு ஆள் ஏத்துறது சட்டப்படி குத்தம், நம்மாளு ஓட்டுறாருங்கிறதுக்காக ஏறாதீங்க. துபாய் யூனியன் பஸ் ஸ்டேஷன்ல இருந்து ஷார்ஜா ஜுபைல் பஸ் ஸ்டேஷனுக்கு இ303 பஸ் இருக்கு, கொஞ்ச நாளைக்கு அதுல போங்க.

ட்ராஃபிக்ல கடுப்பாகி ஹார்ட் ஷோல்டர்ல, அதாவது ரோட்டோரத்துல எமர்ஜென்சிக்கு விட்டிருக்கிற பகுதில ஏறி முந்திப் போயிராதீங்க, 1000 திர்ஹாம் ஃபைன், லைசென்ஸ்ல 6 பிளாக் பாயின்ட். போனைக் கையில புடிச்சா 800, 4 பாயின்ட். 24 சேந்துச்சுன்னா லைசென்ஸ் போச்சு, லைசென்ஸ் போச்சுன்னா இந்த பிளான் மொத்தமும் போச்சு. டிசம்பர், ஜனவரில பனிமூட்டம் இருக்கும், அப்ப ஓடுற வண்டில ஹசார்ட் லைட்ட போடாதீங்க, ஃபாக் லைட் போட்டுட்டு இடைவெளி விட்டு மெதுவா போங்க.

வீடு பாக்கும்போது தண்ணி நிக்குமான்னு வாட்ச்மேன்கிட்ட கண்டிப்பா கேளுங்க. 2024 ஏப்ரல் 16 மழைல மஜாஸ், காசிமியா பக்கமெல்லாம் நாள் கணக்குல தண்ணி நின்னுச்சு, எத்தனையோ பேரு கார் முங்கிப் போச்சு. பார்க்கிங் பேஸ்மென்ட்ல இருந்தா இன்னும் ஒரு தடவை யோசிங்க. தெருவுல நிறுத்துறதா இருந்தா ஷார்ஜாவுல வெள்ளிக்கெழமை ஃப்ரீ, ஆனா நீல போர்டு வச்ச இடத்துல 7 நாளும் காசு, துபாய்ல ஞாயித்துக்கெழமை ஃப்ரீ. இதுல கொழம்பி ஃபைன் கட்டாதவங்க கம்மி.

தம்பி, ஆபீஸ் எந்த ஏரியா, எத்தனை மணிக்கு உள்ள இருக்கணும், பசங்க ஸ்கூல் எந்தப் பக்கம், இந்த மூணையும் சொல்லுங்க, எந்த ஏரியால வீடு பாக்கலாம்னு நான் சொல்றேன். அதுவரைக்கும் அட்வான்ஸ் குடுக்காதீங்க.