பி.ரி.ஈ. சொல்வதெழுதலில் சின்னச் சொற்கள் தவறிப்போகின்றன: உதவி தேவை

கொக்குவில் மாணவி:
வணக்கம். அவுஸ்திரேலியாவில் தாதியர் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க பி.ரி.ஈ. அக்கடமிக் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்குப் படிக்கிறேன். கேட்டல் பகுதியின் கடைசியில் வரும் சொல்வதெழுதல்தான் பெரிய தலையிடி. வசனம் ஒரே தடவைதான் ஒலிக்கிறது. பொருள் முழுவதும் விளங்குகிறது. எழுதி முடித்துப் பார்த்தால் பாதியைக் காணவில்லை. நேற்று வந்த வசனம்: 'ஓல் அசைன்மென்ட்ஸ் மஸ்ட் பீ சப்மிட்டட் பை த எண்ட் ஒஃப் த வீக்'. நான் எழுதியது: 'ஓல் அசைன்மென்ட் மஸ்ட் சப்மிட் பை எண்ட் ஒஃப் வீக்'. ரியூஷனில் "நிறையக் கேளுங்கள்" என்கிறார்கள். ஆங்கிலச் செய்திகளை ஓயாமல் கேட்டும் முன்னேற்றம் இல்லை. கேட்கும்போதே ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தை மட்டும் குறித்துக்கொள்வது நல்லதா?

சுன்னாகம் ஆசிரியை:
தங்கச்சி, அந்த வசனத்தில் 11 சொற்கள். உங்களுக்குக் கிடைப்பது 6 புள்ளிகள். எழுத்துப் பிழையில்லாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு புள்ளி. 'த' என்றாலும் ஒன்று, 'அசைன்மென்ட்ஸ்' என்றாலும் ஒன்று. அதுவும் கேட்டலுக்கும் எழுத்துக்கும் சேர்த்தே போகிறது. இதை விட்டுவிட மனம் வரவே கூடாது.

ஆங்கிலத்தில் முக்கியமான சொற்களை அழுத்திச் சொல்வார்கள்; 'த', 'ஒஃப்', 'பீ' எல்லாம் இடையில் கரைந்துவிடும். தமிழில் 'த' போன்ற சொல் இல்லாததால் நம் காது அதை எதிர்பார்ப்பதும் இல்லை. செய்தி கேட்கும்போது பொருளைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறோம். உங்களுக்குப் பலன் கிடைக்காததற்குக் காரணம் அதுதான்.

எழுத்துவடிவம் உள்ள சிறு ஒலிப்பதிவுகளை எடுங்கள். பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்' போதும். ஒரு வசனம் கேட்டு, நிறுத்தி, எழுதி, ஒப்பிடுங்கள். விடுபட்டதைச் சிவப்புப் பேனையால் கொப்பியில் குறியுங்கள். பிறகு அந்த இடத்தை மட்டும், 'த' காதில் விழும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள். கடைசியாக, பேசுபவரின் வேகத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். நாமே அப்படிக் கரைத்துச் சொல்லப் பழகினால் காதுக்கும் அது பிடிபடும். ஒரு நாளைக்குப் பத்து வசனம் தாராளம்.

மானிப்பாய் அண்ணா:
ஆசிரியை சொன்னது முழுக்கச் சரி. முதலெழுத்து முறை எனக்கு உடன்பாடில்லை. சில வினாடிகளில் முடிந்துவிடும் வசனம் அது. கை 'ஓ', 'அ' என்று குறித்துக்கொண்டிருக்கையில் காது பின்தங்கிவிடும். கேட்டு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டிருந்து, மனதுக்குள் ஒரு முறை சொல்லிவிட்டு, உடனே தட்டச்சுச் செய்யுங்கள்.

பிறகு இலக்கணத்தைக் காவலுக்கு வையுங்கள். 'ஓல்' வந்திருக்கிறது, எண்ணக்கூடிய பொருள், ஆகவே 'அசைன்மென்ட்ஸ்'. ஒப்படை தன்னைத் தானே சமர்ப்பிக்காது, ஆகவே 'பீ சப்மிட்டட்'. காது தவறவிட்ட ஐந்து புள்ளிகளில் மூன்றை இப்படியே மீட்டிருக்கலாம்.

இன்னொன்று: இந்த வினாக்களுக்குத் தனி நேரம் கிடையாது. முன்னால் உள்ள வினாக்களில் நேரத்தைக் கரைத்தால் இதற்கு எதுவும் மிஞ்சாது.

கொக்குவில் மாணவி:
மிக்க நன்றி ஆசிரியை, நன்றி அண்ணா. தம்பி டுவோலிங்கோ ஆங்கிலப் பரீட்சை எழுதப்போகிறான், அவனுக்கும் இதே முறை சரிவருமா? இன்னொரு கவலை, நல்லூர்த் திருவிழா தொடங்கினால் வீட்டில் ஒலிபெருக்கிச் சத்தம்.

சுன்னாகம் ஆசிரியை:
தம்பிக்கும் இதுவே பொருந்தும். அங்கே வசனத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதால், இரண்டாம் முறை சின்னச் சொற்களுக்காகவே கேட்கச் சொல்லுங்கள்.

சத்தத்துக்குப் பயப்படாதீர்கள். பரீட்சை மண்டபத்தில் நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் பேசுதல் பகுதியைச் செய்துகொண்டிருப்பார். அதனால் இடைக்கிடை அந்த ஒலிபெருக்கிச் சத்தத்தோடேயே பழகுங்கள். கைப்பேசியில் மட்டும் பயிற்சி செய்ய வேண்டாம். அது பிழைகளைத் தானாகத் திருத்திவிடும். கணினி விசைப்பலகையில், திருத்தியை நிறுத்திவிட்டு எழுதுங்கள்.