பழைய பைக்கின் பின்பக்க ஷாக் அப்சார்பர்: ஒன்றை மட்டும் மாற்றலாமா?

முதுநகர்வாசி: 2006-இல் வாங்கிய என் 100 சிசி பைக்கில் இருவர் அமர்ந்தால் பின்சக்கரம் மட்கார்டில் உரசுகிறது, இடப்பக்க ஷாக்கின் தண்டில் எண்ணெய் கசிந்து, தூசி அப்பிக் கருத்த பசையாகப் படிந்திருக்கிறது. கசியும் ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா?

மஞ்சக்குப்பத்தான்: போதாது ஐயா. ஒன்று புதிதாகவும் மற்றொன்று தளர்ந்தும் இருந்தால் இருபக்க விறைப்பும் மாறுபட்டு, வளைவுகளில் வண்டி நிலைதடுமாறும். சிக்கனம் வேண்டுமானால் கேஸ் ஷாக்கை (வாயு நிரப்பியது) தவிர்த்து, மேல் கண்ணுக்கும் (போல்ட் நுழையும் துளை) கீழ்க் கண்ணுக்கும் இடைப்பட்ட நீளம் பழையதோடு ஒத்திருக்கும் சாதாரண எண்ணெய் ஷாக் ஜோடியை வாங்குங்கள். பழைய இரும்புக் கடைச் சரக்கு வேண்டாம். தண்டில் துருப்புள்ளி இருந்தால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் புது ரப்பர் சீல் வளையத்தையும் அது கிழித்துவிடும்.

நெல்லித்தோப்பு நண்பர்: வாங்குமுன் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் சட்டம்) புஷ்ஷும் தேய்ந்திருக்கலாம். நம் ஊர் உப்புக்காற்றில் நட்டுகள் இறுகிவிடுவதால் முதல்நாள் இரவே எண்ணெய் விட்டு வையுங்கள். அவசரப்பட்டு நான் ஒரு போல்ட்டை முறித்து, மிச்சப்படுத்திய கூலியை லேத் பட்டறையில் கொடுத்தேன்.

முதுநகர்வாசி: அசைத்துப் பார்த்தேன், ஆட்டமில்லை. ஜோடியாகவே வாங்குகிறேன்.